பாண்டிக்குப் போகிற வழியில் பதநீரும் இருக்கு!

பங்குனி பிறந்துவிட்டால் போதும், 'பாண்டிக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?' என்ற பேச்சு நம் வீடுகளில் ஆரம்பித்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் பறக்கும். மரக்காணத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியலைப் பார்த்துப் பிள்ளைகள் குதிப்பார்கள். பாண்டியில் இறங்கியதும் அப்பாக்கள் மட்டும் மெல்ல நழுவுவார்கள். இப்போது அங்கே கடையிலேயே காய்ச்சி ஊற்றும் 'கிராஃப்ட் பீர்' வேறு வந்திருக்கிறது. 'டாக்டர், இது ஃப்ரெஷ்ஷாச்சே, உடம்புக்கு நல்லதுதானே?' என்று என்னிடமே கேட்கிறார்கள்.

நல்லதில்லீங்க! புதிதாகக் காய்ச்சினாலும் அதிலிருப்பது அதே ஆல்கஹால்தான். 5 சதவீத பீர் 650 மில்லி குடித்தால் சுமார் 26 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. திரும்பி வரும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவது யார் என்பதையும் யோசியுங்கள்.

'சரி, கள்ளு?' என்பார்கள் அடுத்தபடியாக. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் கடை உண்டு. 'சித்த வைத்தியத்திலேயே சொல்லியிருக்காங்களே' என்று எங்களைச் சாட்சிக்கு இழுப்பதுதான் வேடிக்கை. குணபாட நூல்கள் கள்ளுக்குக் குணம் சொல்கின்றன, உண்மை. எட்டிக்கொட்டைக்கும் சேங்கொட்டைக்கும்கூடத்தான் சொல்கின்றன! குணம் சொல்வது வேறு, 'தினமும் குடி' என்பது வேறு.

அதே சாலையின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்றொரு மீனவர் கிராமம். 2023 மே மாதம் அங்கே சாராயம் என்று நம்பிக் குடித்தது மெத்தனால் கலந்த விஷம். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. இரண்டும் சேர்த்து 20-க்கும் மேற்பட்ட உயிர்கள்! அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேல். வெயிலில் வெந்து, உடம்பு வலி தீர ஒரு மடக்கு குடிப்பவர்களைத்தான் இந்த விஷம் தேடிப் போகிறது. மதுவோ உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றும். உப்பளத்திலும் கடலிலும் வேர்த்து வந்தவருக்கு வலி குறையாது, வறட்சிதான் கூடும்.

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்கிறேன். மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்தும் அறிகுறி வரலாம். வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் முன்னே பனிமூட்டம் போல மங்கல்... இவை தெரிந்தால் மோர், எலுமிச்சை, விளக்கெண்ணெய் என்று நேரத்தைப் போக்காதீர்கள். என்னைப் போன்ற சித்த மருத்துவரிடமும் வராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு, டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 'போலீஸ் கேஸ் ஆயிடுமே' என்று மறைப்பதால்தான் பல உயிர்கள் போகின்றன. உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அப்படியானால் வெளியே போகவே கூடாதா? தாராளமாகப் போங்கள், குடும்பத்தோடு! பங்குனி, சித்திரை பதநீருக்கு நல்ல காலம். பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்! காலையிலேயே இறக்கிய பதநீராகப் பார்த்துக் குடியுங்கள். புளிப்பு வாடையோ நுரையோ இருந்தால் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் தவிர்த்துவிடுங்கள், இதில் சர்க்கரை அதிகம். அவர்களுக்கு அளவாக இளநுங்கு போதும்.

ஊருக்கு ஊர் பதநீர்க் கடை வந்தால் பனையேறிக்கும் பிழைப்பு, நமக்கும் குளிர்ச்சி. அரசு இதற்கு முன்வர வேண்டும். அதுவரை, சாலையோரம் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றுகிறவரைப் பார்த்தால் நீங்களாவது வண்டியை நிறுத்துங்கள்!