முதலில் டயர்... கூடாரம் அப்புறம்!

பெருநகர் சாலையில் பிக்கப் வண்டி புதிதல்ல. நெல் மூட்டையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு உத்திரமேரூருக்கும் வந்தவாசிக்கும் ஓடுகிற வண்டிதான். அப்படி ஒரு பிக்கப்பில் குடும்பத்தோடு கிளம்பி, வந்தவாசி, போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போய் ஓர் இரவு தங்கினால் எப்படி இருக்கும்?

ஆசை வந்ததும் கண் போகிற இடம் கூரைக் கூடாரம், விஞ்ச், வரிசை விளக்குகள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. கையில் இருக்கும் பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

1. இருப்பதைச் சரிசெய்யுங்கள்: பிரேக், கூலன்ட், பெல்ட், பேட்டரி, ஸ்டெப்னி. இவற்றில் ஒன்று பழுதானாலும் மலையில் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டும்.

2. டயர்: மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தான். தேய்ந்த டயரோடு இருக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் ஈரக் களிமண்ணில் வழுக்கும். தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான 'ஆல் டெரெய்ன்' டயர் போதும். அதன் எடை தாங்கும் அளவு, கம்பெனி கொடுத்த டயரைவிடக் குறையக் கூடாது. கூடவே ஒரு காற்றடிக்கும் கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும் வாங்குங்கள். மணலில் காற்றைக் குறைத்து மெதுவாகப் போனால் பிடிப்பு கூடும். தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் நிரப்ப வேண்டும்.

3. சிக்கினால் மீள வழி: மண்வெட்டி, நல்ல இழுவைப் பட்டை, ஷாக்கிள். பட்டையைச் சேஸிஸோடு இணைந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் மாட்டி வெடுக்கென்று இழுத்தால், அது உடைந்து தோட்டாவைப் போலப் பறக்கும். வெளிநாடுகளில் உயிர்களே போயிருக்கின்றன.

4. எடைக் கணக்கு: நான்கு பேர் 260 கிலோ. 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. கூரைக் கூடாரம் ஏறத்தாழ 60 கிலோ. அடுப்பு, சாமான், கருவிகள் 60 கிலோ. இதுவே 440 கிலோ ஆகிவிட்டது. இரும்பு பம்பரும் விஞ்சும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். பாரம் கூடினால் மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். பின் இருக்கையில் இருப்பது உங்கள் பிள்ளைகள். எனவே சாமான் முழுவதையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்கார வைத்து, நெல் லோடு எடை போடும் எடைமேடையில் ஒருமுறை வண்டியை நிறுத்திப் பாருங்கள். கையேட்டில் உள்ள மொத்த எடை வரம்போடு ஒப்பிட்ட பிறகுதான் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பற்றிய முடிவு. ஸ்பிரிங்கை மாற்றினாலும் அந்த வரம்பு உயராது.

5. தூக்கமும் தண்ணீரும்: தரையில் விரிக்கும் சாதாரணக் கூடாரமே முதல் சில பயணங்களுக்குப் போதும். விஞ்ச், கூடுதல் விளக்கு எல்லாம் கடைசி.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்பக்க 'புல் பார்' மாட்டுவதற்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு உத்தரவிட்டுவிட்டது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றம். அனுமதி பெற்ற முகாம் இடத்திலோ, உரிமையாளர் சம்மதித்த தோப்பிலோ தங்கலாம்.

முதல் இரவை மலையில் கழிக்க வேண்டாம். ஊர்ப் பக்கத்துத் தோப்பிலேயே, இருக்கும் வண்டியோடு ஓர் இரவு தங்கிப் பாருங்கள். விடிவதற்குள் எது இல்லாமல் தவித்தீர்களோ, அதுதான் நீங்கள் அடுத்து வாங்க வேண்டிய பொருள். நினைவுக்கே வராத பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.