சன் கானூரா, குவாக்கரா?

கேள்வி: காலியாகக் கிடக்கும் கோழிக் கொட்டகையில் வெளிநாட்டுக் கிளி வளர்த்துக் குஞ்சு விற்கலாம் என்கிறான் மகன். கடைக்காரர் சன் கானூர், குவாக்கர் இரண்டையும் காட்டுகிறார். எதை வாங்கலாம்? எங்களைச் சுற்றிலும் மக்காச்சோளம்தான்.
– வாசகி, பல்லடம்

பதில்: சகோதரி, உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டும் தென் அமெரிக்கக் கிளிகள். இரண்டுமே சுமார் ஓரடி நீளம். சன் கானூருக்குச் சொந்த ஊர் கயானாவும் பிரேசிலின் வடகோடியும். மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். இளம் பறவையில் பச்சை அதிகம் தெரியும். கலப்பினமோ என்று பயப்பட வேண்டாம். மரப்பொந்தில்தான் முட்டையிடும். கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே சொந்தக் காட்டில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. கத்தல் காதைத் துளைக்கும்.

குவாக்கர் அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துப் பறவை. பச்சை உடம்பு, சாம்பல் நெஞ்சு. இதற்குப் பொந்து தேவையில்லை. முள்ளும் குச்சியும் சேர்த்து மரக்கிளையில் தானே கூடு கட்டும்; ஒரே கூட்டில் பல ஜோடிகள் தனித்தனி வாசல் வைத்துக் குடியிருக்கும். அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளி ஒரு காலத்தில் மரமே அதிகம் இல்லாத புல்வெளி. நிழலுக்கும் விறகுக்கும் விவசாயிகள் தைலமரம் நட்டார்கள். குவாக்கர் அதில் ஏறிக் கூடு கட்டியது. கீழே மக்காச்சோளமும் சூரியகாந்தியும். பிறகு கேட்கவா வேண்டும்? ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் கூண்டிலிருந்து தப்பியவை பெருகி, அமெரிக்காவில் மின்கம்பங்களில் கூடு கட்டி மின்தடை வரை கொண்டுவந்துவிட்டன. ஸ்பெயின் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

தைலமரம், மக்காச்சோளம், மின்கம்பம் மூன்றும் நம்மிடமும் உண்டு. நம் பச்சைக்கிளி, பொந்து கிடைக்கும் அளவுக்குத்தான் குஞ்சு பொரிக்கும். குவாக்கருக்கு அந்தத் தடை இல்லை. கொட்டகை வலை கிழிந்து சில ஜோடிகள் வெளியேறினாலே போதும். அதனால் குவாக்கர் வேண்டாம்.

மகனுக்கு ஆசை என்றால் ஒரு ஜோடி சன் கானூர், கூண்டில் பிறந்ததாக, ரசீதுடன் வாங்குங்கள். கடன் வாங்கிப் பண்ணை போட வேண்டாம். குஞ்சைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னால், ஈமு கோழியை நினைத்துக்கொள்ளுங்கள்.

2024-ல் வந்த மத்திய அரசு விதிப்படி இந்தக் கிளிகளை ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு இருக்கட்டும் என்று நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடித்து உள்ளே விடாதீர்கள்; அதை வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.