எந்த மலைக் கொட்டை?

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பிவிட்டால், குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவியத் தொடங்கும். பழம் வாங்க வருகிறவர் விலை கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பார்: "இது நம்ம மலைப் பழமா, கேரளாப் பழமா?" கடைக்காரரிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும். எலுமிச்சை என்றால் புளியங்குடி. கருப்பட்டி என்றால் உடன்குடி. அல்வா என்றால் திருநெல்வேலி, அதிலும் எந்தக் கடை என்பது வரைக்கும் விசாரணை போகும். ஊர்ப் பேரைக் கேட்காமல் எதையும் வாயில் போடாத சீமை இது.

அதே ஆள் நாலு கடை தள்ளிக் காப்பிப் பொடி வாங்கப் போகிறார். "கால் கிலோ. எண்பதுக்கு இருபது சிக்கரி." பேச்சு அத்தோடு முடிந்தது. கொட்டை எந்த மலையில் விளைந்தது, என்றைக்கு வறுத்தது என்ற கேள்வியே எழுவதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை. தினம் இரண்டு வேளை, மூன்று வேளை குடிக்கிற பண்டத்துக்கு மட்டும் ஊரும் கிடையாது, தேதியும் கிடையாது.

பெங்களூரிலும் சென்னையிலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முளைத்த புதுவகைக் காப்பிக் கடைகள் இந்தக் கேள்விகளுக்கான பதிலைத்தான் காசாக்குகின்றன. 2013-இல் டெல்லியில் தொடங்கிய ப்ளூ டோக்காய் போன்ற நிறுவனங்களின் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் தோட்டத்தின் பேர் இருக்கும். கொட்டை கழுவிக் காய்ந்ததா, பழத்தோடு காய்ந்ததா என்றிருக்கும். வறுத்த தேதி இருக்கும். 'ஸ்பெஷாலிட்டி காப்பி' என்பதற்கு உலக அளவில் ஓர் அளவுகோலும் உண்டு. பழகிய நாக்குக்காரர்கள் சுவைத்துப் பார்த்து நூற்றுக்கு எண்பது புள்ளிக்குக் குறையாமல் கொடுத்தால்தான் அந்தப் பேர். இந்தக் கடைகளில் கால் கிலோ 500 ரூபாயைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம்.

அந்த விலையைக் குற்றாலத்தை ஒட்டிய தென்காசியில் யாரும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகவல் தென்காசிக்கும் வேண்டும். அதற்குப் பெரிதாகச் செலவு ஆகாது.

ஏனென்றால் பெருநகரக் கடை புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கும் பாதி வேலையைத் தமிழ்நாட்டுக் கடைத்தெரு எத்தனையோ காலமாகச் செய்துவருகிறது. பச்சைக் கொட்டையை மூட்டையாக வாங்கி, கடையிலேயே வறுத்து, வாடிக்கையாளர் கண்முன்னால் அரைத்து, அவர் கேட்கிற கணக்கில் சிக்கரி சேர்த்து, சூடு ஆறாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற கடைகள் அவை. தெருமுனை திரும்பும்போதே வாசனை வந்து இழுக்கும். வறுத்த கொட்டை முழுசாக இருந்தால் சில வாரம் தாங்கும். அரைத்துவிட்டால் மணம் நாள் கணக்கில் பறக்கும். ஆகவே அன்றன்று அரைத்து வாங்குவதே நல்ல காப்பிக்கு முதல் நிபந்தனை. எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் இதைப் பழக்கமாக வைத்திருந்தவர்கள் நம் ஊர்க் கடைக்காரர்களும் நம் வீட்டுப் பெண்களும். பளபளப்பான உறையில் என்றோ அரைத்து அடைத்த பொடி பலசரக்குக் கடைக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் தேய்ந்தது. அது வருத்தப்பட வேண்டிய இழப்பு.

மற்றப் பாதி, அதாவது கொட்டையின் பிறப்பிடம், ஏன் தொலைந்தது? அதில் கடைக்காரர் மேல் மட்டும் பழி போட முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு இந்தியக் காப்பி தேங்கியது. தோட்டக்காரர்கள் மூழ்காமல் இருக்க வந்த ஏற்பாடுதான் 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டம். விளைந்ததைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். வாரியம் தரம் பிரித்து ஏலத்தில் விற்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும் விவசாயிக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் தன் தோட்டத்துப் பழத்தைப் பழுக்கவிட்டுப் பொறுமையாக நாலு தடவை பறித்தவருடைய கொட்டையும், காயும் பழமுமாக ஒரே உருவலில் உருவிப் போட்டவருடைய கொட்டையும் ஒரே மூட்டைக்குள் போயின. தோட்டத்தின் பேர் கரைந்தது. 1990-களில் இந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முழுவதும் நீங்கியது. இன்றைய நகரத்துக் கடைகள் அதற்குப் பிறகு கிடைத்த சுதந்திரத்தில் முளைத்தவை. சிற்றூர்க் கடைத்தெருவோ பழைய பழக்கத்திலேயே நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றாலும் மறக்கவில்லை. கடைக்காரரிடம் வாய்கொடுத்துப் பார்த்தால் தெரியும். 'பிளாண்டேஷன் ஏ', 'பீபெரி', 'ரோபஸ்டா செர்ரி' என்று அவருக்குள் ஓர் அகராதியே இருக்கும். பீபெரி என்றால் ஏதோ கம்பெனிப் பேர் என்று நினைத்தே பல வீடுகளில் தலைமுறையாக வாங்குகிறார்கள். காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு தட்டைக் கொட்டைகள் முகம் பார்த்து இருக்கும். அபூர்வமாக ஒன்றே ஒன்று உருண்டு திரண்டு வளரும். அதுதான் பீபெரி. பிளாண்டேஷன் என்பது தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகா இனக் கொட்டை. செர்ரி என்றால் பழத்தோடே வெயிலில் காய்ந்தது. இந்த மூன்று வரியை ஒரு பலகையில் எழுதி மாட்டினால் போதும், வாங்குகிறவர் கண் திறந்துவிடும்.

திருநெல்வேலிச் சீமைக்குக் காப்பியோடு இருக்கிற உறவு டம்ளர், டவராவில் தொடங்கியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காட்டை வெட்டிக் காப்பி நட்ட கைகளில் மதுரை, திருச்சி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து போன ஏழைகளின் கைகளும் உண்டு. அந்தத் தொழிலாளருக்கென்றே 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூல் 1869-இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது. அதே ஆண்டில்தான் இலைத்துரு நோய் இலங்கைத் தோட்டங்களில் கண்ணில் பட்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பி அழிந்து அந்த மலைகள் தேயிலைக்கு மாறின. விளைவித்தவர்களின் வழிவந்தவர்களுக்கே இன்று காப்பி ஊர்பேர் தெரியாத பொடி என்பது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இல்லை.

காற்றுக்கும் ஒரு கதை உண்டு. குற்றாலத்தில் சாரலாக விழுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று மங்களூர்க் கரையில் காப்பிக்கு வேறொரு வேலை செய்கிறது. திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, ஈரக்காற்றில் வாரக்கணக்காகப் புரட்டுகிறார்கள். கொட்டை ஊதி, வெளுத்து, புளிப்பு அடங்கிவிடுகிறது. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போன காலத்தில் தானாக நடந்த மாற்றத்தைப் பிறகு வேண்டுமென்றே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 'மான்சூன்டு மலபார்' என்ற பேரில் உலகம் அதைத் தேடி வாங்குகிறது. காற்றின் பேரையே விற்கத் தெரிந்திருக்கிறது ஒரு கரைக்கு. அதே காற்று மோதுகிற இந்தப் பக்கம், சாரல் காலத்தில் பொடி ஈரம் இழுத்துக் கட்டிதட்டும் என்ற எச்சரிக்கையைக் கூடப் பொட்டலத்தின் மேல் எழுதுவதில்லை.

சிக்கரி பற்றி இரண்டு வார்த்தை. நகரத்துப் புதுக் கடைகள் சிலவற்றில் அதைக் கலப்படம் போலவே பேசுகிறார்கள். அது சரியல்ல. கள்ளிச்சொட்டுப் போன்ற டிகாக்‌ஷனும் கொஞ்சம் கசப்பும் தமிழ் நாக்குக்குப் பிடித்தவை. விரும்பிக் கலப்பது ருசி. சொல்லாமல் கலப்பதுதான் தப்பு. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, எது எவ்வளவு என்பதை உறையில் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. பிரேசிலில் மழை பொய்த்து, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா விலை ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உயரம் போனது. இப்படிக் கொட்டை விலை ஏறும்போதெல்லாம் பொட்டலத்துக்குள் சிக்கரியின் பங்கு ஏறுகிற ஆபத்தும் கூடவே ஏறும். வாங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டிய நேரம் அதுதான்.

அருவியில் குளித்து நடுங்கி வருகிறவருக்குச் சுக்குக் காப்பியும் கருப்பட்டிக் காப்பியும் அமிர்தம். அதில் சந்தேகமில்லை. (சுக்குக் காப்பியில் பல இடங்களில் காப்பியே இருக்காது, சுக்கும் மல்லியும் மிளகும்தான்.) கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்ற புகார் வந்தபோது நல்ல கடைக்காரர்கள் உடன்குடிப் பேரைப் பலகையில் எழுதத் தொடங்கினார்கள். குவளையில் விழுகிற இனிப்புக்குக் கிடைத்த அந்த மரியாதை, அதே குவளையில் விழுகிற பொடிக்கும் கிடைக்கட்டும்.

நாட்டின் காப்பியில் தமிழ்நாட்டின் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். ஆனால் ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி என்று ஒவ்வொன்றுக்கும் தனி மண், தனி உயரம். காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலானவர்கள் பத்து ஹெக்டேருக்குள் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வறுப்பதையும் வடிப்பதையும் கற்றுத்தர 'காபி சாஸ்திரா' என்ற பயிற்சியையும் வாரியம் நடத்துகிறது. இனி ஆக வேண்டியது தென்காசிக் கடைத்தெருவில்தான். குற்றாலச் சீசனுக்கு வருகிற கூட்டம் நேந்திரம் சிப்ஸும் பழமும் வாங்கிப் போகிறது. பேரும் தேதியும் போட்ட கால் கிலோ காப்பிப் பொடியையும் அந்தப் பையில் சேர்க்க ஒரு கடைக்காரர் முன்வந்தால் போதும். தாண்டிக்குடிச் சிறு விவசாயிகள் நாலு பேரிடம் நேராக இரண்டு மூட்டை வாங்கட்டும். ஒரு ரப்பர் முத்திரை செய்யட்டும்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை: "தாண்டிக்குடி அரபிகா, பிளாண்டேஷன் ஏ. வறுத்தது செவ்வாய்க்கிழமை. சிக்கரி இருபது, வேண்டாதவர் முன்னாலேயே சொல்லவும். சாரல் காலம், நூறு கிராமாக வாங்கவும்."