வாடகை வீட்டில் வருணாசிரமம்

வெளியூர்களிலிருந்து பிழைப்புக்காகவும், படிப்புக்காகவும் சென்னைப் பட்டணத்துக்கு வருகின்ற நம் மக்களுக்கு முதன்முதலில் நேரிடுகிற பெருங்கஷ்டம் குடியிருக்க ஒரு வீடு கிடைப்பதேயாகும். வேலை கிடைத்தாலும் கிடைத்துவிடுகிறது. வாங்குகிற சம்பளத்துக்குள் அடங்கின வாடகையில் மனிதன் இருக்கத்தக்க வீடு கிடைப்பதுதான் அரிதாயிருக்கிறது. எந்தப் பக்கம் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று வெளியூர்த் தோழர்கள் பலர் கேட்பதால், இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

"ஜனத்தொகை பெருகிவிட்டது, மனை விலை ஏறிவிட்டது, அதனால் வாடகையும் ஏறிவிட்டது" என்று பொதுவாகச் சொல்லுகிறார்கள். இது உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. நாம் கொடுக்கும் வாடகையில் செங்கல்லுக்கும் சிமிட்டிக்கும் ஒரு பங்கு. மனைக்கு ஒரு பங்கு. இவை போக, ஜாதிக்கும் ஜோசியத்துக்கும் நாம் அழுகிற வரி ஒரு பங்கு. முதல் இரண்டையும் குறைப்பது தனி மனிதனால் ஆகிற காரியமல்ல. மூன்றாவதை ஒழிப்பதோ பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது.

வாடகைக் கணக்கு

முதலாவதாக, வாடகை என்பது வீட்டுக்காரர் வாயால் சொல்லுகிற தொகை மாத்திரமல்ல என்பதை உணர வேண்டும். மாதம் 15,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்று ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 1,50,000 ரூபாயை ஏழை எங்கிருந்து கொண்டுவருவான்? நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் வட்டி. ஆகவே அவ்வீட்டின் உண்மை வாடகை 18,000 ரூபாயாகும். மூன்று மாத அட்வான்ஸ் மாத்திரம் கொடுத்திருந்தால் வட்டி 900 ரூபாயோடு நின்றிருக்கும்.

அதுபோலவே ரயிலடிக்குப் பக்கத்தில் 9,000 ரூபாய் வீடும், நெடுந்தூரம் உள்ளே தள்ளி 7,000 ரூபாய் வீடும் இருந்தால், பின்னதே மலிவு என்று எண்ணுவது தவறு. அங்கிருந்து ரயிலடிக்கு ஷேர் ஆட்டோவுக்குப் போகவர 40 ரூபாய் என்றால், 25 நாளைக்கு 1,000 ரூபாய். வேலைக்குப் போகிறவர்கள் இருவரானால் 2,000 ரூபாய். மிச்சம் என்ன இருக்கிறது? தினம் ஒரு மணி நேரம் வீணானதுதான் மிச்சம்.

ஆகையால் புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரயில் பாதையை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931ஆம் வருஷத்திலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்று அது செங்கற்பட்டு வரைக்கும் போகிறது. சென்ட்ரலிலிருந்து மேற்கே அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் பக்கமும், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், கும்மிடிப்பூண்டி பக்கமும் ரயில்கள் ஓடுகின்றன. சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டால் செலவு சொற்பம். வேலை செய்யுமிடத்திலிருந்து வண்டி மாறாமல் போகக்கூடிய பாதை எது என்று பார்த்து, அப்பாதையில் ரயிலடியிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு தேடுவதே புத்திசாலித்தனமாகும்.

வடசென்னை என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வியாசர்பாடியும், புளியந்தோப்பும், தண்டையார்பேட்டையும் உழைத்துப் பிழைக்கிறவர்கள் வசிக்கும் இடங்கள் என்பதைத் தவிர இந்தச் சுளிப்புக்கு வேறு காரணம் அநேகமாக இல்லை. அந்தப் பக்கம் மனிதர்களுக்காகப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது புகைக்கும், குப்பை மேட்டுக்கும், கழிவுக்கும்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்து எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதை ஊரே பார்த்தது. இப்படிப்பட்ட நிஜமான குறைகளைப் பார்த்து ஒதுக்குவது பகுத்தறிவு. குடியிருக்கும் மக்களின் ஜாதியையும் தொழிலையும் பார்த்து ஒதுக்குவது வருணாசிரமம்.

ஆடியும் எமன் திசையும்

நிற்க, வீடு பார்க்கப் போகிற நம்மவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? வாசல் கிழக்கா தெற்கா என்று பார்க்கிறார்கள். தெருக்குத்து உண்டா என்று பார்க்கிறார்கள். கக்கூசு எந்த மூலையில் இருக்கிறது என்று வாஸ்துக்காரனைக் கேட்கிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று மாத்திரம் கேட்பதில்லை. 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததே, அது கிழக்கு வாசல் வீடு எது, தெற்கு வாசல் வீடு எது என்று விசாரித்துக்கொண்டா புகுந்தது? 2019 கோடையில் ஏரிகள் வற்றிப் பட்டணம் முழுவதும் குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்தபோது, வாஸ்து பார்த்துக் கட்டின வீட்டுக்குத் தனியாக ஊற்றுப் பெருகிற்றா?

தெற்கு எமன் திசை என்கிறார்கள். தென்றல் வருகிற திசையை எமன் திசை என்று ஒதுக்குகிறவர்களைப் பற்றி என்னென்று சொல்லுவது? பட்டணத்துக் கோடையில் தெற்கும் கிழக்கும் திறந்திருக்கிற வீடே காற்று வருகிற வீடாகும். மாலை வெயில் மேற்குச் சுவரில் அடிப்பதைப் பற்றியாவது யோசித்தால் அதில் அர்த்தமுண்டு.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறக்கூடாதாம்! வீட்டுக்காரர் வங்கிக் கடனுக்குக் கட்டும் வட்டி ஆடி மாதத்தில் நிற்கிறதா? இல்லை. காலியாகக் கிடக்கிற வீட்டுக்கு ஆள் வராமல் அவர் கையைப் பிசைந்துகொண்டிருக்கிற காலம் அது. ஆகவே தோழர்கள் ஆடியிலும் மார்கழியிலுமே வீடு தேட வேண்டும். தெற்கு வாசல் வீட்டையும், தெருக்குத்து வீட்டையும் "ராசியில்லை" என்று மற்றவர்கள் விட்டுவிட்டுப் போனால், வாடகையைக் குறைத்துப் பேசி அங்கே குடியேற வேண்டும். முட்டாள்தனத்துக்கு ஊரார் கட்டுகிற வரியில் பகுத்தறிவுக்காரனுக்கு மாதம் ஐந்நூறோ ஆயிரமோ லாபம் வந்தால் வரட்டுமே! வெள்ளம் எவ்வளவு நின்றது என்பதை மாத்திரம் வீட்டுக்காரரைக் கேட்காமல், எதிரிலிருக்கிற பெட்டிக்கடைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நீங்கள் எந்தப் பக்கம்?"

இனி, ஜாதிக்கு வருவோம். 1929ஆம் வருஷத்தில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாதென்று தீர்மானிக்கப்பட்டது. அதன் பலனாக இன்று தமிழ்நாட்டில் பெயரைக் கேட்டு ஜாதியைக் கண்டுபிடிப்பது சுலபமல்ல. ஆனால் வீட்டுக்காரர்கள் விடுகிறார்களா? "சொந்த ஊர் எது?" என்பது முதல் கேள்வி. "அங்கே எந்தத் தெரு?" என்பது இரண்டாவது. "குலதெய்வம் எது?" என்பது மூன்றாவது. கடைசியில், "சைவமா, அசைவமா?" வாடகை எப்போது கொடுப்பாய் என்ற கேள்விக்கு முன்னால் இத்தனை கேள்விகள்! பதில் பிடிக்காவிட்டால், "வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்" என்பார்கள். வீடு காலி என்கிற பலகை மாத்திரம் மறுநாளும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதனால் யாருக்கு நஷ்டம்? ஆதிதிராவிடத் தோழர் ஒருவரும், முஸ்லிம் தோழர் ஒருவரும் மற்றவனைப் போலவே சம்பளம் வாங்கினாலும், மற்றவன் ஒரு நாளில் பிடிக்கிற வீட்டை அவர்கள் மாதக் கணக்கில் தேட வேண்டியிருக்கிறது. அதுவரை லாட்ஜில் செலவு. தரகருக்கு அலைச்சல் கூலி. கடைசியில், வேறெவனும் வராத பள்ளத்து வீட்டுக்கு, மேட்டு வீட்டின் வாடகை. ஒரே சம்பளக்காரர்களில் ஒருவனுக்கு மலிவான பேட்டையாக இருப்பது மற்றொருவனுக்கு மூடின கதவாக இருக்கிறது என்றால், இதை ஜாதி வரி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்லுவது?

"என் வீடு, என் இஷ்டம்" என்று சிலர் சொல்லுவார்கள். தான் குடியிருக்கும் வீட்டுக்கு யாரை விருந்துக்கு அழைப்பதென்பது அவரவர் இஷ்டமாயிருக்கலாம். வாடகைக்கு விட்ட பிறகு அது வியாபாரம். வாசலில் இருக்கிற ரோடும், சாக்கடையும், தெரு விளக்கும் எல்லா ஜாதிக்காரர் வரிப் பணத்திலும் போடப்பட்டவை. வியாபாரத்தில் ஜாதி பார்க்கக் கூடாதென்பதற்காகத்தான் 1957ஆம் வருஷத்தில் திருவல்லிக்கேணியில் ஓட்டல் வாசலில் "பிராமணாள்" என்றிருந்த போர்டை எதிர்த்து மறியல் நடந்தது. ஓட்டல் வாசலிலிருந்து இறக்கப்பட்ட அந்தப் போர்டு இன்று "சைவ உணவுக்காரருக்கு மாத்திரம்" என்கிற வேஷத்தில் வீட்டு வாசலில் ஏறியிருக்கிறது.

இதில் பார்ப்பனரை மாத்திரம் குற்றஞ்சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. மாட்டிறைச்சி தின்கிறவனுக்கு வீடில்லை என்று சொல்லுகிற ஆட்டிறைச்சிக்காரர்கள் நம் பார்ப்பனரல்லாதாரில் எத்தனை பேர்! மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்டுவிட்டு, கீழே இருப்பதாகத் தாங்களே நினைத்துக்கொண்டவனிடம் வீட்டுச் சாவியை மறைக்கிற இவர்களைவிட, போர்டு போட்டு மாட்டுகிறவன் யோக்கியன் என்றுகூடச் சொல்லலாம்.

சட்டம் என்ன செய்யும்?

தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் வருஷத்துச் சட்டத்தில், தீண்டாமையின் பேரால் ஒருவரை எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருக்கவிடாமல் தடுப்பது குற்றமென்று இருக்கிறது. ஆனால் வாயால் ஜாதியைச் சொல்லாமல் "சைவம்" என்று சொல்லித் தப்புகிறவனை எப்படி நிரூபிப்பது? மதத்தின் பேரால் தடுப்பதற்கோ சுப்ரீம் கோர்ட்டே இடங்கொடுத்துவிட்டது. ஆமதாபாத்திலுள்ள ஒரு பார்சிக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் மதத்தாருக்கு மாத்திரமே அங்கத்தினர் உரிமை என்று விதி வைத்துக்கொள்ளலாமென்று 2005ஆம் வருஷத்தில் தீர்ப்பாயிற்று.

மற்றொரு சட்டம் தோழர்களுக்கு உபயோகமானது. 2017ஆம் வருஷத்தில் நம் சட்டசபையில் நிறைவேறி 2019ஆம் வருஷத்தில் அமுலுக்கு வந்த, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய சட்டம் அது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். மாறாக ஒப்புக்கொண்டாலன்றி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. தகராறு வந்ததென்று தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. "மாறாக ஒப்புக்கொண்டாலன்றி" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பத்து மாதத்துக்கும் நாமே ஒப்புக்கொண்டவர்களாவோம்.

சர்க்கார் மனம் வைத்தால் வழியில்லாமலில்லை. 1998ஆம் வருஷத்தில் மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. அத்திட்டத்தில் 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், பிற்பட்டவருக்கும் மிகப் பிற்பட்டவருக்கும் 25, 25ஆகவும், 10 மற்றவருக்கும் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் குடிவைத்தார்கள். கிராமத்தில் ஆகிற காரியம் பட்டணத்து வாடகை வீட்டில் ஏன் ஆகக் கூடாது?

ஆனால் சர்க்கார் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் இயக்கத் தோழர்களில் பட்டணத்தில் சொந்த வீடுள்ளவர்கள் அநேகர் இருக்கிறார்கள். கருப்புச் சட்டை போடுகிறவர்களும், கூட்டத்தில் கைதட்டுகிறவர்களுமான அவர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே: உங்கள் கொள்கைக்குப் பரீட்சை மேடையில் நடப்பதில்லை, மாடிப் போர்ஷன் காலியாகிற அன்றைக்கே நடக்கிறது. வருகிறவனிடம் வாடகையைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள். ஊரையும் தெருவையும் சட்டியில் வேகிறதையும் கேட்காதீர்கள். அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். புதிதாக வருகிற தோழருக்கு, வெள்ளம் வராத தெரு எது, தண்ணீர் வருகிற தெரு எது, ஜாதி கேட்காத வீடு எது என்று காட்டிக்கொடுக்க ஒவ்வொரு பேட்டையிலும் இரண்டு தோழர்கள் முன்வந்தால், அது நூறு பொதுக்கூட்டத்துக்குச் சமமான பிரசாரமாகும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.