அழாத குழந்தை

இரண்டரை வயதுகூட நிரம்பாத லாரா, குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக லண்டன் மருத்துவமனை ஒன்றில் எட்டு நாள் இருந்தாள். அம்மா வந்து பார்க்கலாம், தங்கக் கூடாது. லாரா அதிகம் அழவில்லை. சமர்த்துக் குழந்தை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு திரும்பும் நாளில் அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்தாள்.

இதைப் படமெடுத்தவர் டாவிஸ்டாக் கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் (போர்க்காலத்தில் அன்னா ஃப்ராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் பாய்லர் பார்த்தவர்). வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, வார்டு கடிகாரமும் படத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டார். அப்படியும், 1952இல் படத்தைப் பார்த்த டாக்டர்களும் நர்ஸுகளும் கொதித்தார்கள். கோபத்துக்குக் காரணம் உண்டு. தாயைப் பிரிந்த குழந்தை முதலில் கத்தும், பிறகு ஏங்கும், கடைசியில் ஒட்டாமல் போகும் என்றார் ராபர்ட்சன். அந்தக் கடைசி நிலையைத்தான் 'பழகிவிட்டது' என்று வார்டுகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1959இல் பிளாட் கமிட்டி, பெற்றோரை நேரக் கட்டுப்பாடின்றி அனுமதிக்கச் சொன்னது. நம் அரசு மருத்துவமனைகளில் தாய்மார்கள் எந்தக் கமிட்டியையும் கேட்காமல் கட்டிலடியில் பாய் விரித்துவிடுகிறார்கள். ஐ.சி.யூ. வாசலில்தான் பல இடங்களில் அவர்களும் நிறுத்தப்படுகிறார்கள்.