ஏலத்தை நிறுத்தினால் காடு பிழைக்குமா?

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிறவர் கண்ணில் வாள்பட்டறைகள் படாமல் போகாது. ஆள் உயரத்துக்கு அடுக்கிய தடிகள், மரத்தூள் மேடுகள், ரம்பத்தின் இரைச்சல். நிமிர்ந்து பார்த்தால் மேகம் கவிந்த குற்றால மலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில் மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது: அங்கே வெட்டுகிறார்கள், இங்கே அறுக்கிறார்கள். வனத்துறைதான் வியாபாரி. அரசு மரத்தை ஏலம் விடுவதை அடியோடு நிறுத்திவிட்டால் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளும்.

டீக்கடையில் மட்டுமல்ல, சூழல் பற்றிப் பேசக் கூடும் படித்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். காட்டின் மேலுள்ள பாசத்தில் சொல்வது என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை. இந்தப் பேச்சு மரத்தை அளந்து, எண்ணிட்டு, கணக்கில் ஏற்றும் வனவரைத் திருடனாக்குகிறது. கணக்கே இல்லாமல் மரம் போகும் இடங்களை நம் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது.

முதலில் அந்தத் தடிகளையே எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர். ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க் காடுகளுக்குக் கிழக்கு வாசலே அதுதான். 1904இல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து மீட்டர்கேஜ் ரயில் வந்த பிறகு அந்த வாசல் இன்னும் அகன்றது. மொழிவழியாக மாநிலம் பிரிந்தபோது ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, காடு கேரளத்திலேயே தங்கிவிட்டது. வியாபாரமோ எல்லைக்கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை. இன்றும் கேரள வனத்துறையில் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மர விற்பனைக்கென்றே ஒரு தனிக் கோட்டம் இயங்குகிறது. ஆரியங்காவிலும் ஒரு மர டிப்போ உண்டு. அங்கே ஏலத்தில் எடுக்கும் தேக்கு, பாஸோடு புளியரை சோதனைச்சாவடியைக் கடந்து நம் பக்கம் வருகிறது.

இன்னொரு வழி கடல். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தடிகளும் இந்தப் பட்டறைகளுக்குத்தான் வருகின்றன. பர்மா தேக்கு என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வோமே, அந்த நாடு 2014 ஏப்ரலில் முழுத்தடி ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. அதன் பிறகு அந்த இடத்தை ஆப்பிரிக்கத் தேக்கும், ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகா தோட்டங்களின் இளந்தேக்கும் பிடித்துக்கொண்டன. தென்காசிப் பக்கத்து மேலகரத்தில் புதிதாகக் கட்டும் வீட்டின் நிலைக்கதவு பசிபிக் கடலோரத்தில் வளர்ந்ததாக இருக்கலாம். குற்றால மலையில் வெட்டியது என்று பார்த்தவுடன் முடிவுகட்ட எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது, வனத்துறை நினைத்தால் எந்த மரத்தையும் வெட்டி விற்கலாம் என்ற நம்பிக்கை. ஒரு காலத்தில் இது ஏறக்குறைய உண்மையாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. மலைக்கு அந்தப் பக்கத்தை ஆண்ட திருவிதாங்கூர் அரசு தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கையும் யார் நிலத்தில் நின்றாலும் தனக்கே சொந்தம் என்று வைத்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கைக் காட்டை மொட்டையடித்துத் தேக்கும் யூகலிப்டஸும் நட்டார்கள். ரயில் தண்டவாளக் கட்டைக்கும் பிளைவுட்டுக்கும் சோலைகளிலிருந்து பெருமரங்கள் இறங்கின. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. பழைய தலைமுறை அதைக் கண்ணால் பார்த்திருக்கிறது, அதனால் அதன் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் சில தேதிகள் இருக்கின்றன. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கேரளம் இயற்கைக் காட்டில் வெட்டுவதை அந்தப் பத்தாண்டிலேயே கைவிட்டது. 1988இன் தேசிய வனக் கொள்கை, காட்டிலிருந்து வரும் வருமானத்தைக் கீழே இறக்கி, சூழல் சமநிலையை மேலே வைத்தது. பிறகு வந்தது 1996 டிசம்பர் 12. நீலகிரி கூடலூர்ப் பக்கம் காடு அழிவதைக் கண்டு பொறுக்காத நிலம்பூர் கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அன்றைக்கு நாடு முழுவதையும் உலுக்கிய உத்தரவைப் போட்டது. மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டத்தில் இல்லாத வெட்டு எந்தக் காட்டிலும் கூடாது என்றது. தமிழ்நாட்டுக்கென்று அந்த உத்தரவில் தனிப்பகுதியே உண்டு: வனப்பகுதிகளில் மரம் வெட்ட முழுத்தடை, முன்பு காடாக இல்லாத இடத்தில் மனிதர் நட்டு வளர்த்த மரங்களுக்கு மட்டும் விலக்கு. உரிமம் இல்லாத வாள்பட்டறைகளும் அதே வழக்கில் பூட்டப்பட்டன. புதிதாக ஒரு பட்டறை திறக்க இன்றைக்கும் மாநில அளவிலான குழுவின் ஒப்புதல் வேண்டும்.

அது போக, குற்றாலம், கடையநல்லூர் மலைக்காடுகளின் பெரும்பகுதி இன்று நெல்லை வன உயிரினச் சரணாலயம். சரணாலயத்திலிருந்து அவசியம் கருதி ஏதாவது எடுத்தாலும் சுற்றுப்புற மக்களின் சொந்தத் தேவைக்குத்தான் தரலாம், விற்கக் கூடாது என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவே சொல்கிறது. தேனருவிக்கு மேலே மரம் வெட்டி ஏலம் விட எந்த அதிகாரியிடமும் அதிகாரம் இல்லை. அங்கே ஒரு மரம் விழுந்திருந்தால் இயற்கையாகச் சாய்ந்திருக்கும், இல்லையென்றால் அது பெரும்பாலும் திருட்டு. 

சட்டத்தின் இந்தக் கண்டிப்பைப் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: விழுந்த மரம் மக்கிப்போகிறதே, விற்றால் அரசுக்குக் காசாகுமே! இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இருவாச்சிக்குப் பொந்துள்ள முதிய மரம் வேண்டும். வண்டுக்கும் காளானுக்கும் மக்கும் கட்டை வேண்டும். மழைக்காட்டு மண் அந்த மக்கலில்தான் உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் ஆரியங்காவில் ஏலம் போகும் தேக்கு எது? பெரும்பாலும் நட்டது. தேக்கை 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 2500 கன்று. அத்தனையும் பெருமரமாக நிற்க அந்த மண்ணில் இடமில்லை, மேலே வெயிலுமில்லை. அதனால் நிலம்பூர்த் தேக்குத் தோட்ட முறைப்படி 4, 8, 13, 20, 30, 44ஆவது ஆண்டுகளில் கலைத்துவிட்டுக்கொண்டே வருவார்கள். எஞ்சிய மரத்தை ஐம்பது, அறுபது வயதில் எடுப்பார்கள். இன்று டிப்போவில் கிடக்கும் தடியை நட்டவர் பணி ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருக்கும். கலைக்காமல் விட்ட தேக்குத் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கம்பு கம்பாக நெட்டிவளர்ந்து நிற்கும், அடியில் வேறெதுவும் சரியாக முளைத்திருக்காது. அந்தத் தோட்டங்களை மறுபடி இயற்கைக் காடாக மாற்ற வேண்டும் என்று யாராவது வாதாடினால் நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அப்படி மாற்றுவதற்கும் தேக்கை எடுத்தாக வேண்டும். எடுத்த மரத்தை அளந்து விற்க ஒருவர் வேண்டும்.

அளவைப் பற்றித்தான் ஊரில் பெரிய சந்தேகம். டிப்போவில் வேண்டுமென்றே குறைத்து அளந்து வியாபாரிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அடித்துச் சொல்கிறார்கள். இதற்கு அடிப்படையாக ஒரு கணக்கு இருக்கிறது; அதைப் பலர் பாதி அளவில்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பட்டை நீக்கிய தடியின் நடுவில் நாடா சுற்றி அளக்கிறார்கள். அந்தச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குகிறார்கள். நடுச்சுற்றளவு 120 சென்டிமீட்டர், நீளம் 3 மீட்டர் உள்ள தடி என்றால் 0.30 பெருக்கல் 0.30 பெருக்கல் 3, அதாவது 0.27 கனமீட்டர் என்று எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கைப் போட்டால் அதே தடி 0.34 கனமீட்டருக்கு மேல் வரும். ‘பார்த்தீர்களா, ஐந்தில் ஒரு பங்கு காணோம்!’ என்று தோன்றும்.

காணாமல் எங்கும் போகவில்லை. உருண்டைத் தடியைச் சதுரமாக்கும்போது நாலு பக்கமும் வெட்டி எறிய வேண்டியதற்காக அந்தச் சூத்திரமே ஒரு பங்கை முன்கூட்டிக் கழித்துவிடுகிறது. கழிவு எப்போதும் ஒரே விகிதம், ஏறக்குறைய 21.5 சதவீதம். பருமன் எதுவானாலும் மாறாது. அரசு கிடங்குகளில் நெடுங்காலமாக நடக்கும் முறை இது. ஏலம் கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அந்த அளவுக்குத் தக்கபடிதான் கனமீட்டருக்கு விலை சொல்கிறார்கள். சூத்திரத்தில் திருட்டு இல்லை. திருட வேண்டுமென்றால் நாடாவைப் பிடிக்கும் கையில் திருடலாம். 150 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் தேக்கு முதல் வகுப்பு, 100 முதல் 149 வரை இரண்டாம் வகுப்பு. 151ஐ 149 என்று எழுதினால் தடி ஒரு வகுப்பு கீழே இறங்கிவிடும், விலையும் கூடவே இறங்கும். இல்லாத ஓட்டையை இருப்பதாக எழுதிக் கழிக்கலாம். அந்தக் கையைக் கண்காணிக்கத்தான் ஒவ்வொரு தடியிலும் எண் எழுதி, நீளம், சுற்றளவு, குறை எல்லாவற்றையும் பட்டியலிட்டு, ஏலத்துக்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். சந்தேகப்படுகிறவர் ஒரு நாடாவோடு போய்ப் பத்துத் தடியை அளந்து பார்க்கட்டும். இன்று ஏலமும் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணையதளத்தில் நடக்கிறது. நாலு வியாபாரிகள் மரத்தடியில் கூடிப் பேசிவைத்துக்கொண்டு அரசு விலையை அமுக்கிய காலத்துக்கு அது பெரிய அடி.

விற்பனையை நிறுத்தினால் திருட்டும் நிற்கும் என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வாதம். முறையான வெட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். வனவர் ஒவ்வொரு மரமாகப் போய் மார்பு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், சுற்றளவு எடுக்கிறார். பட்டையைச் செதுக்கி எண் போடுகிறார். அடிமரத்திலும் தரையை ஒட்டிச் செதுக்கி முத்திரைச் சுத்தியலால் அடிக்கிறார். ஏன் இரண்டு இடம்? மேலே உள்ள எண் தடியோடு போய்விடும். கீழே உள்ள முத்திரை அடிக்கட்டையில் தங்கிவிடும். பிறகு யார் வந்து தணிக்கை செய்தாலும் அடிக்கட்டைகளை எண்ணிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் போதும். முத்திரை இல்லாத அடிக்கட்டை ஒவ்வொன்றும் ஒரு குற்றச்சாட்டு. அமெரிக்க வனத்துறை இதற்காகவே, மரத்தில் அடையாளம் பூசும் பெயிண்டில் யாரும் எளிதில் போலி செய்ய முடியாத தடயப் பொருளைக் கலக்கிறது. பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால் கேரளத்தின் மறையூர். அங்கே சந்தன மரங்களுக்கு எண் உண்டு. காய்ந்ததும் சாய்ந்ததும்தான் டிப்போவுக்கு வரும். அந்த எண்ணும் கணக்கும் இல்லையென்றால் காணாமல் போன மரம் எது என்று எவராலும் சொல்ல முடியாது.

மரத்துக்கான தேவையும் ஏலத்தை மூடினால் மறைந்துவிடாது. கட்டில், கதவு, கோயில் தேர் எல்லாம் வேண்டும் என்றே இருக்கும். ஆரியங்காவில் வாங்க முடியாதவர் வெளிநாட்டில் வாங்குவார், அந்த நாட்டுக் காட்டை யார் அளக்கிறார்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. அதற்கும் வசதியில்லாதவர் இரவில் வரும் மரத்தை வாங்குவார்.

உண்மையில் நம் மாவட்டத்தில் கணக்கில்லாமல் மரம் போவது மலையடிவாரத்துக்குக் கீழேதான். சாலை அகலப்படுத்தும்போது விழும் புளியும் மருதும், குளங்களில் நிற்கும் நாட்டுக் கருவேலமும் பொதுச்சொத்துதான். ஆனால் அவை காட்டுக்குள் இல்லை. ஒன்று நெடுஞ்சாலைத் துறையுடையது, இன்னொன்று ஊராட்சியுடையது, வேறொன்று பொதுப்பணித் துறையுடையது. 1980களில் ஸ்வீடன் நாட்டு நிதியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்பில் குளத்துக்குள் கருவேலம் விதைத்தபோது வனத்துறை ஆட்கள் குளத்தங்கரையில் நின்றார்கள். இன்று சீமைக் கருவேலத்தை அகற்ற ஏலம் எடுக்கிறவர் குளத்துக்குள் இறங்கும்போது, எது சீமை, எது நாட்டு என்று நின்று சொல்ல ஆள் வேண்டும். இல்லையென்றால் அவருக்கு இரண்டும் விறகுதான். கரி மூட்டத்துக்குள் போன பிறகு எது எதுவென்று யாராலும் பிரிக்க முடியாது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று அரசு வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. அந்தக் குழுவுக்கு முன் வைக்கப்படும் பட்டியலைத் தயாரிக்கிறவர் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் போய் நின்றாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு வனவருக்கு மலைக்காவலும் உண்டு, ஊருக்குள் வந்த யானையை விரட்டுவதும் உண்டு, காட்டுத்தீயும் உண்டு, நீதிமன்றப் படியேற்றமும் உண்டு. இவற்றுக்கு நடுவில்தான் புளிய மரத்துக்கு மதிப்புப் போடக் கூப்பிடுகிறார்கள். அவரைச் சந்தேகிப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அவருக்கு உதவி ஆள் கேட்டுப் போராடச் செலவிடலாம். மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது. எந்தப் பொது மரம் ஏலத்துக்கு வந்தாலும் அதன் இனம், சுற்றளவு, எண், மதிப்பு அடங்கிய பட்டியலை ஏலத்துக்கு முன்பே ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். சீமைக் கருவேலம் அகற்றும் குளங்களில் நாட்டு மரங்களுக்கு முதலில் பெயிண்ட் அடித்து எண் போட்ட பிறகுதான் ரம்பம் இறங்க வேண்டும். வெட்டு முடிந்ததும் அடிக்கட்டைகளை எண்ணும் நாளை ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஊராரும் வனவரோடு கரையில் நடந்து எண்ண அனுமதிக்க வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.