வேர்ச்சொல் மட்டும் போதாது

இந்தக் கோடை விடுமுறையில் கான்சாபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் பதினொன்றாம் வகுப்பு. மனப்பாடத்தை விட்டுவிட்டு வேரிலிருந்து தொடங்கினோம். லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. மேனுவல், மேனுஸ்கிரிப்ட், மேனுஃபேக்சர் மூன்றையும் அவர்களே பிடித்துவிட்டார்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாதவர்களுக்கு இது நல்ல வழி. நானே நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’யைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்துத்தான் கல்லூரியில் தப்பித்தேன். 1949இல் வந்த புத்தகம். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் கையில் இன்றும் இருக்கிறது.

நான்காம் நாள் ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசித்தோம். ஒரு நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்று எழுதியிருந்தார்கள். முன்பின் வரிகளை வைத்துப் பொருளைச் சொல்லச் சொன்னேன். “யாரும் சேத்துக்காத நாடு” என்றாள் ஒருத்தி. சரிதான். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: “அண்ணே, இது நம்மளச் சொல்ற சொல்லா?”

ஆமாம். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, பறை என்னும் கருவியிலிருந்தே இச்சொல்லுக்கு வேர் காட்டுகிறது. பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருள். மலையாளத்தில் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். வேரில் இழிவு எதுவுமில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போன சொல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிப்பதாகிவிட்டது. வெள்ளைக்காரன் இந்தப் பொருளைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்களின் வாயிலிருந்து சொல்லையும் இழிவையும் சேர்த்தே வாங்கிக்கொண்டான் என்பது என் எண்ணம். யூதர்களின் நிலையைப் பற்றி 1944இல் எழுதிய ஹன்னா ஆரென்ட்கூட இதே சொல்லைத்தான் எடுத்தார். அவர் அதை அக்கறையோடு எழுதினார்; ஆனாலும் அங்கே பறையுமில்லை, பறையரும் இல்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்று பெயர் வைத்ததைச் சொன்னேன். அதே சொல்தான், சொன்ன வாய் வேறு, சூழல் வேறு. வேரையும் சூழலையும் சேர்த்துப் படி என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் அட்டவணை போடும் நம் வகுப்பறைகள், இந்தச் சொல் வந்தால் ‘அவுட்காஸ்ட்’ என்று ஒற்றை வார்த்தையில் பொருள் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. அந்த வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

“பரீட்சையில வந்தா என்ன எழுதறது?” என்றான் ஒரு பையன். பொருள் கேட்டால் எழுது, மார்க்கை விடாதே. நீயாகக் கட்டுரை எழுதும்போது ‘ஐசோலேட்டட்’ போதும் என்றேன்.

மறுநாள் அவர்களாகவே ‘கூலி’யை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.